மாட்டுப் பிரபு என்றால் யார்? ரிச்சர்ட் கிங் குடும்பத்தின் கதை வழியாக ஓர் எளிய விளக்கம்

1885 ஏப்ரல் 14. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகரின் மெங்கர் ஓட்டலில் ரிச்சர்ட் கிங் வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அறுபது வயது. மனைவிக்கு அவர் விட்டுச்சென்றது சுமார் 6,14,000 ஏக்கர் நிலம். கூடவே சுமார் 5,00,000 டாலர் கடன். கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் எவ்வளவு பெரியது என்பதற்கும் ஓர் அளவு சொல்கிறேன்: அந்தக் காலத்தில் குதிரையில் உட்கார்ந்து மாடு ஓட்டிய ஆளுக்கு மாதச் சம்பளம் முப்பது, நாற்பது டாலர்தான்.

இப்படிப்பட்டவர்களை அமெரிக்கர்கள் ‘கேட்டில் பேரன்’ என்று அழைத்தார்கள். நம் பேரன் பேத்தி உறவோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘பேரன்’ என்பது ஐரோப்பியப் பிரபுக்களின் பட்டம். தமிழில் மாட்டுப் பிரபு எனலாம். எந்த அரசரும் கொடுத்த பட்டம் இல்லை. மன்னராட்சியே வேண்டாம் என்று பிரிந்துவந்த நாட்டில், ஒரு தனி மனிதரின் வேலிக்குள் ஒரு மாவட்டமே அடங்கிப்போனதைப் பார்த்து, பாதி வியப்பும் பாதி கிண்டலுமாக ஊரார் வைத்த பெயர்.

மாட்டுப் பண்ணை என்றதும் நமக்குப் பால் நினைவுக்கு வரும். இவர்கள் பால் வியாபாரிகள் அல்லர். இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் ஆயிரக்கணக்கில் மாடு வளர்த்தவர்கள். ‘ராஞ்ச்’ என்ற அவர்களது பண்ணையில் ஏர் பூட்டுவதில்லை, விதைப்பதில்லை. புல் தானாக முளைக்கும், மாடு தானாக மேயும், கன்று தானாகப் பிறக்கும். ஆண்டுக்கு ஓரிரு முறை மந்தையை வளைத்துப் பிடித்து, கன்றுகளுக்குச் சூடு போட்டு, விற்க வேண்டியதைப் பிரிப்பார்கள். கேட்கும்போது சோம்பேறித் தொழில்போல் தோன்றும். அந்தப் புல் யாருடையது என்ற கேள்வி எழும்போதுதான் தொழிலின் சூட்சுமம் புரியும்.

தொப்பியும் கயிறும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வரும் உருவம் பெரும்பாலும் கூலியாளுடையது. பிரபு வேறு ஆள். அவரிடம் கயிற்றைவிடக் காகிதம் அதிகம் புழங்கியது. பழந்தமிழில் ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருள் உண்டு. ஆங்கிலத்திலும் மந்தையைக் குறிக்கும் சொல்லும் மூலதனத்தைக் குறிக்கும் சொல்லும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. ஆனால் கிங்கின் செல்வம் மாட்டில் இல்லை என்பதே என் கட்சி. மாடு அவருக்கு வட்டி. முதல் வேறோர் இடத்தில் இருந்தது.

படகில் சேர்ந்த பணம்

கிங் 1824 ஜூலை 10 அன்று நியூயார்க் நகரில், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் அவரை ஒரு நகை வியாபாரியிடம் வேலை கற்க ஒப்பந்தம் போட்டு விட்டார்கள். பையனுக்கு அது பிடிக்கவில்லை. 1835இல் தெற்கே போகும் கப்பல் ஒன்றில் ஒளிந்துகொண்டான். நடுக்கடலில் பிடிபட்டாலும் அடித்துத் துரத்தப்படவில்லை. கப்பலிலேயே எடுபிடி வேலை கிடைத்தது. அலபாமாவின் ஆறுகளில் நீராவிப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டான். வாழ்நாளில் அவன் பள்ளிக்கூடம் போனது மொத்தம் எட்டு மாதம்.

1846இல் அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் போர் மூண்டது. படைக்குச் சரக்கு ஏற்றிச் செல்ல ரியோ கிராண்டே ஆற்றில் படகோட்டிகள் தேவைப்பட்டார்கள். நண்பர் மிஃப்லின் கெனடி கூப்பிட, 1847இல் கிங் அங்கே போய்ச் சேர்ந்தார். போர் முடிந்ததும் 1850இல் கெனடி, வணிகர் சார்லஸ் ஸ்டில்மன் ஆகியோருடன் கூட்டுச் சேர்ந்து படகு நிறுவனம் தொடங்கினார். அந்த ஆறு ஆழமற்றது, பாம்புபோல் வளைவது. முகத்துவாரத்திலோ கடல் அலை புரட்டும். முகத்துவாரத்துக்கு உறுதியான படகு ஒன்று, உள்ளாற்றுக்கு அடி தட்டாத லேசான படகு ஒன்று என்று இரண்டு வகை வேண்டும் என்றவர் கிங். சில ஆண்டுகளில் ஆற்றுப் போக்குவரத்து முழுவதும் இவர்கள் கைக்கு வந்தது. மாட்டுப் பிரபுவின் முதல் வருமானம் சரக்குக் கூலி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். (ஸ்டில்மனின் மகன் ஜேம்ஸ் பிற்காலத்தில் நியூயார்க்கின் நேஷனல் சிட்டி வங்கிக்குத் தலைவரானார். அந்தக் கூட்டாளிகளில் யாருமே சிறுவியாபாரிகளாக நின்றுவிடவில்லை.)

ஏக்கர் இரண்டு சென்ட்

நுயேசெஸ் ஆற்றுக்கும் ரியோ கிராண்டேவுக்கும் இடைப்பட்ட பரந்த புல்வெளிக்குக் ‘காட்டுக்குதிரைப் பாலைவனம்’ என்று பெயர். போருக்கு முன்பு மெக்சிகோவும் டெக்சஸும் இதைத் தத்தம் எல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தன. 1848 உடன்படிக்கைப்படி அது அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே நில உடைமையாளர்கள் இருந்தார்கள். ஸ்பானிய அரசும் பிறகு மெக்சிகோவும் குடும்பம் குடும்பமாக வழங்கிய மானிய நிலங்கள் அவை. அவர்களது சொத்துரிமை மதிக்கப்படும் என்று உடன்படிக்கை உறுதியளித்தது. ஆனால் உரிமையை நிரூபிக்க வேண்டுமே? 1850இல் டெக்சஸ் அரசு ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. மக்கள் மூலப்பத்திரங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குழு உறுப்பினர் ஒருவர் அவற்றில் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு ‘ஆன்சன்’ என்ற கப்பலில் திரும்பும்போது கப்பல் மூழ்கியது. ஆள் பிழைத்தார், பத்திரங்கள் கடலுக்குள் போயின.

மூலப்பத்திரம் தொலைந்தால் என்ன பாடு என்பது, பதிவு அலுவலகத்து வாசலில் ஒரு நாளாவது நின்ற எவருக்கும் தெரியும். இங்கே அதோடு மொழியும் புதிது, சட்டமும் புதிது. பல நிலங்கள் பாகம் பிரிக்காமல் மூன்று தலைமுறை வாரிசுகளின் பேரில் கிடந்தன. எல்லையில் கொள்ளையர் பயம் வேறு. ஆற்றுக்கு அப்பால் மெக்சிகோவில் வாழ்ந்த வாரிசுகளுக்கு, போக முடியாத நிலத்துக்கு எவராவது ரொக்கம் நீட்டினால் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

ரொக்கம் நீட்டியவர் கிங். 1852இல் கார்பஸ் கிறிஸ்டி ஊர்ச் சந்தைக்குக் குதிரையில் போன வழியில், வறண்ட வெளியின் நடுவே சான்டா கெர்ட்ரூடிஸ் என்ற ஓடையைக் கண்டார். தண்ணீர், நிழல், புல். அடுத்த ஆண்டே மெந்தியோலா குடும்ப வாரிசுகளிடமிருந்து ஓடையோர மானியம் ஒன்றை, 15,500 ஏக்கரை, 300 டாலருக்கு வாங்கினார். ஏக்கருக்கு இரண்டு சென்ட்கூட இல்லை. 1854இல் பக்கத்து மானியம்: 53,000 ஏக்கர், 1,800 டாலர். இந்த இரண்டும்தான் பிற்காலத்து ‘கிங் ராஞ்ச்’ பண்ணையின் வித்து.

இந்த முயற்சியில் கிங்குக்கு கிடியன் லூயிஸ் என்ற கூட்டாளி இருந்தார். எல்லைக் காவல் படையில் கேப்டன். பெண்கள் விஷயத்தில் கட்டுப்பாடில்லாதவர். 1855இல் ஒரு கணவர் அவரைச் சுட்டுக்கொன்றார். லூயிஸின் பிரிபடாத பாதிப் பங்கு நீதிமன்ற ஏலத்துக்கு வந்தது. அது பிறர் கைக்குப் போகாமல் கிங் பார்த்துக்கொண்டார். அந்தப் பங்கில் தமக்கும் உரிமை உண்டு என்று சேப்மன் என்ற ராணுவ அதிகாரியின் குடும்பம் பிற்பாடு வழக்குப் போட்டது. வழக்கு ஒருமுறை முடிந்து, நூறாண்டுக்குப் பின் வாரிசுகளால் மறுபடி கிளப்பப்பட்டு, டெக்சஸ் உச்ச நீதிமன்றம் பண்ணைக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது 2003இல். நம் ஊர் வில்லங்கச் சான்றிதழ் இதற்கு முன் கைகட்டி நிற்க வேண்டும்.

கிங் விலை கொடுத்துத்தான் வாங்கினார். ஆனால் சம பலமுள்ள இருவர் நடுவே பேசி முடிந்த விலையாக எனக்கு அது தெரியவில்லை. தோற்ற நாட்டின் குடிமக்கள் ஒரு பக்கம். படகு வருமானமும், ஸ்பானிய மானியச் சட்டத்தில் புலியான ஸ்டீபன் பவர்ஸ் என்ற வழக்கறிஞரும் மறுபக்கம். 1859இல் ஹுவான் கொர்த்தினா என்ற மெக்சிகோ வழி நிலவுடைமைக் குடும்பத்தவர், நிலம் பறிபோவதைச் சொல்லியே ஆயுதம் ஏந்தி பிரவுன்ஸ்வில் நகரைக் கைப்பற்றினார். கிங் கண்ணில் அவர் மாட்டுத் திருடர். ஆற்றோரத்து ஏழைகள் பலருக்கு வீரர். இரண்டு பேச்சும் இன்றுவரை ஓயவில்லை.

‘நிலம் வாங்கு, ஒருபோதும் விற்காதே’ என்று கிங்குக்கு அறிவுரை சொன்னவர், அப்போது டெக்சஸில் பணியில் இருந்த ராபர்ட் லீ என்று குடும்பத்தில் சொல்வார்கள். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தலைவராகப் பிறகு பெயர் பெற்ற அதே லீ. சொன்னது அவரோ இல்லையோ, கிங் அப்படித்தான் வாழ்ந்தார்.

ஓர் ஊரே புறப்பட்டு வந்தது

நிலம் இருந்தால் போதுமா? மாடும் வேண்டும், மாட்டை அறிந்த ஆளும் வேண்டும். 1854 வாக்கில் கிங் மாடு வாங்க மெக்சிகோவின் தமௌலிபாஸ் பகுதிக்குள் போனார். குரூயாஸ் என்ற சிற்றூரில் கடும் வறட்சி. ஊரில் இருந்த மாடுகளை எல்லாம் விலைபேசி ஓட்டிக்கொண்டு புறப்பட்டவருக்கு வழியில் ஓர் எண்ணம். திரும்பிப் போனார். மாட்டையும் கொடுத்துவிட்டு இந்த மக்கள் எதை வைத்துப் பிழைப்பார்கள்? என்னோடு வாருங்கள், வீடு, சாப்பாடு, கூலி தருகிறேன் என்றார். நூற்றுக்கும் மேற்பட்டோர் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடவே நடந்தார்கள்.

அவர்களும் அவர்கள் சந்ததியும் ‘கினேன்யோஸ்’ எனப்பட்டார்கள். கிங்கின் ஆட்கள் என்று பொருள். கயிறு வீசிப் பிடிப்பது, குதிரையை அடக்குவது, மந்தையை மடக்குவது என்று அமெரிக்க மாட்டுக்காரனின் கலை என உலகம் கொண்டாடும் அத்தனையும் இந்த மெக்சிகோ மாட்டுக்காரர்களிடமிருந்து போனதுதான். ராஞ்ச் என்ற சொல்லே ஸ்பானிய மொழியின் கொடை. தாத்தா, அப்பா, மகன் என்று தலைமுறைகளாக ஒரே பண்ணையில் வேலை செய்தார்கள். பண்ணைக்குக் காவலும் அவர்களே. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 டிசம்பரில், தென்மாநிலங்களின் பக்கம் நின்ற கிங்கைப் பிடிக்க வடமாநிலப் படை பண்ணை வீட்டைத் தாக்கியது. கிங் முன்பே நழுவிவிட்டார். உள்ளே கர்ப்பிணி மனைவியும் குழந்தைகளும். வாசலில் இருந்த பிரான்சிஸ்கோ அல்வரதோ என்ற கினேன்யோ, சுடாதீர்கள், இங்கே குடும்பம் இருக்கிறது என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். கிங் என்று நினைத்து அவரைச் சுட்டுக்கொன்றார்கள்.

பண்ணையார், பண்ணையாள் என்ற உறவை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் நான் விளக்க அதிகம் இல்லை. விசுவாசம் உண்மையானது, பாதுகாப்பும் உண்மையானது. பட்டா மட்டும் எப்போதும் ஒரே பெயரில் இருந்தது.

சண்டையில் தொடங்கிய கல்யாணம்

1850இல் பிரவுன்ஸ்வில் கரையில் கிங் தன் படகை நிறுத்த வந்தபோது, வழக்கமான இடத்தில் வேறொரு வீட்டுப்படகு கட்டிக் கிடந்தது. வாயில் வந்ததை எல்லாம் கொட்டித் திட்டினார். படகுக்குள் இருந்து ஓர் இளம்பெண் வெளியே வந்து, அதே சூட்டில் திருப்பிக் கொடுத்தாள். ஹென்றியெட்டா சேம்பர்லேன், பிரெஸ்பிடேரியன் சபைப் போதகரின் மகள். அந்த ஊரில் வீடு கிடைக்காமல் அப்பாவோடு படகில் குடியிருந்தாள். குடியும் வசவுமாகத் திரிந்த படகோட்டி அதன் பிறகு தேவாலயக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார் என்றால் காரணத்தை ஊகித்துக்கொள்ளலாம். 1854 டிசம்பர் 10 அன்று திருமணம்.

புதுப்பெண்ணுக்குக் கிடைத்த மாளிகை, குச்சியும் களிமண்ணும் சேர்த்துக் கட்டிய குடிசை. சமையலறை மிகவும் சிறியது. பெரிய தட்டுகளை வெளிச்சுவரில்தான் மாட்டிவைக்க வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். புல்வெளியில் இருவரும் குதிரையில் சுற்றியதையும், களைத்தபோது மெஸ்கிட் மர நிழலில் கணவர் கம்பளி விரித்துக் கொடுக்கத் தூங்கியதையும் அதே மகிழ்ச்சியோடு சொல்கிறார். ஐந்து குழந்தைகள்: நெட்டி, எல்லா, ரிச்சர்ட், ஆலிஸ், ராபர்ட் லீ. கடைசிப் பையனின் பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. கிங் வைர நகை வாங்கிக் கொடுத்தபோது, பகட்டு வேண்டாம் என்று கற்களின் மேல் கறுப்பு எனாமல் பூசச் சொல்லிவிட்டார் என்று ஹென்றியெட்டாவைப் பற்றி ஒரு கதை உண்டு. அவரது குணத்துக்கு அது பொருந்துகிறது.

அந்தப் பணம் எப்படி வந்தது? 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். வடமாநிலக் கடற்படை தென்மாநிலத் துறைமுகங்களை அடைத்தது. பருத்தி ஏற்றுமதி நின்றது. ஆனால் ரியோ கிராண்டேயில் பாதி மெக்சிகோவுக்குச் சொந்தம், அதை அடைக்க முடியாது. வண்டி வண்டியாகப் பருத்தி கிங்கின் பண்ணை வழியாகத் தெற்கே போனது. கிங், கெனடி நிறுவனத்தின் படகுகள் மெக்சிகோக் கொடியை ஏற்றிக்கொண்டு அதைக் கடலுக்குக் கொண்டுசென்றன. கூலி தங்கத்தில். தென்மாநிலங்கள் தோற்றன, 1865இல் கிங் ஜனாதிபதியின் மன்னிப்பைப் பெற்றார், தங்கம் அவரிடமே இருந்தது. அதுவும் நிலமாக மாறியது.

நான்கு டாலர் மாடு, நாற்பது டாலர் மாடு

இப்போதுதான் மாடு கதைக்குள் வருகிறது. போர் முடிந்தபோது டெக்சஸில் நீளக்கொம்பு மாடுகள் கணக்கில்லாமல் பெருகியிருந்தன. வாங்க ஆளில்லை, ஒரு மாடு நான்கு டாலர் போனால் பெரிது. வடக்கே தொழில் நகரங்களில் இறைச்சிக்குப் பஞ்சம். அங்கே அதே மாடு முப்பது, நாற்பது டாலர். நடுவே ரயில் இல்லை. 1867இல் கான்சஸ் மாநிலத்தின் அபிலீன் என்ற ஊரில், ரயில் நிலையத்தை ஒட்டி மாட்டுப்பட்டி அமைத்தார் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி. டெக்சஸ் மாடு அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். எப்படிப் போவது? நடந்துதான்.

ஒரு மந்தை என்றால் இரண்டாயிரம், மூவாயிரம் மாடு. பத்துப் பன்னிரண்டு குதிரைக்காரர்கள், ஒரு சமையல் வண்டி. நாளுக்கு இருபது கிலோமீட்டர் அளவில் நடை. வேகமாக ஓட்டினால் சதை கரையும், எடை போகும். கிங்கின் பண்ணையிலிருந்து கான்சஸ் சுமார் 1,600 கிலோமீட்டர். மூன்று மாதத்துக்குக் குறையாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,500 மாடு, உள்ளூர் விலையில் 10,000 டாலர். முப்பது டாலருக்கு விற்றால் 75,000. பன்னிரண்டு பேருக்கு நான்கு மாதச் சம்பளம் இரண்டாயிரம் டாலருக்குள் அடங்கும். வழியெங்கும் தீனி இலவசம். ஆற்று வெள்ளத்திலும் மிரண்டு ஓடும் இரவுகளிலும் சில நூறு மாடுகள் செத்தால்கூட லாபம் கையைக் கடிக்காது. 1869 முதல் 1884 வரை கிங் இப்படி வடக்கே அனுப்பிய கால்நடைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

வேலியில்லாத வெளியில் யார் மாடு எது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் சூட்டுக்குறி. ஒவ்வோர் உடைமையாளருக்கும் ஒரு குறி. அரசிடம் பதிவு செய்ய வேண்டும். கிங் 1869இல் பதிவு செய்தது ‘ஓடும் டபிள்யூ’: வளைந்து நெளியும் அந்த எழுத்து பாம்பு ஊர்வதுபோல் இருக்கும். குறியைத் திருத்தி மாட்டைத் திருடுவதே ஒரு தனித் தொழிலாக நடந்தது. எல்லை தாண்டி மாடு போவதைத் தடுக்க டெக்சஸ் ரேஞ்சர் படைக்குக் கிங் குதிரையும் தோட்டாவும் கொடுத்து உதவினார். 1875இல் ரேஞ்சர் கேப்டன் மெக்னெல்லி மெக்சிகோவுக்குள்ளேயே புகுந்து சில மாடுகளை மீட்டுவந்தார். எல்லையோர மெக்சிகோ மக்களோ ரேஞ்சர்களைக் ‘கிங் பண்ணையின் போலீஸ்’ என்கிற பொருளில் வசைபாடினார்கள். அரசின் படை எங்கே முடிகிறது, பிரபுவின் அடியாள் எங்கே தொடங்குகிறார் என்று ஏழைக்கு விளங்கவில்லை. எனக்கும் அவ்வளவாக விளங்கவில்லை.

எல்லாப் பிரபுக்களும் நிலைக்கவில்லை

வயோமிங், மொன்டானா பகுதிகளில் பிரபுக்கள் பலர் மேய்த்தது அரசு நிலத்தில். நம் மேய்ச்சல் புறம்போக்கு போல என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்ப் பொதுவுக்குப் பதிலாக, முதலில் வந்தவனின் மந்தையே அதைப் பிடித்துக்கொண்டது. நிலத்துக்குக் காசு கொடுக்காமல் மாட்டில் மட்டும் பணம் போட்டார்கள். 1880களில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து முதலீட்டாளர்கள்கூட ஓடிவந்து கொட்டினார்கள். புல்லுக்கு மேல் மாடு பெருத்தது. 1886–87 குளிர்காலத்தில் பனிப்புயல் அடித்து லட்சக்கணக்கில் மாடுகள் செத்தன. பனி உருகியபோது அந்தப் பிரபுக்களிடம் நிலமும் இல்லை, மாடும் இல்லை. இன்னொரு பக்கம் 1874இல் காப்புரிமை பெற்ற முள்கம்பி திறந்த வெளியைக் கூறுபோட்டது. உண்ணியால் பரவும் ‘டெக்சஸ் காய்ச்சல்’ பயத்தில் கான்சஸ் தன் எல்லையை மூடியது. நீண்ட நடைப்பயணங்களின் காலம் இருபது ஆண்டுகூட நீடிக்கவில்லை.

கிங் கையில் கிரயப் பத்திரம் இருந்தது. முள்கம்பிக்கு முன்பே மரப்பலகை கொண்டு தன் எல்லையை அடைக்கத் தொடங்கியவர் அவர். மாடு செத்தால் மறுபடி வாங்கலாம், நிலம் அங்கேயே கிடக்கும். பெருமளவு கடன் அவர் தலையில் ஏறியதும் இதனால்தான்: வாங்குவதை அவர் நிறுத்தவே இல்லை. 1883இல் பத்தொன்பது வயது மகன் ராபர்ட் லீ நிமோனியாவில் இறந்தபோதுதான் மனம் உடைந்து, எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தார். விற்கவில்லை. குடி கூடியது. இரண்டே ஆண்டில் அவரும் போனார். சான்டா கெர்ட்ரூடிஸில் ஓரடி நிலத்தையும் விட்டுவிடாதே என்பதே வழக்கறிஞருக்கு அவர் சொல்லியனுப்பிய கடைசிக் கட்டளை.

விதவையும் வீட்டோடு மாப்பிள்ளையும்

அந்த வழக்கறிஞர் ராபர்ட் கிளேபெர்க். கிங்குக்கு எதிராக ஒரு வழக்கில் வாதாடி ஜெயித்தவர். தோற்ற கிங், இப்படிப்பட்ட ஆள் நம் பக்கம் இருக்க வேண்டும் என்று அவரையே தன் வழக்கறிஞராக வைத்துக்கொண்டார். பண்ணைக்கு வந்துபோன கிளேபெர்க்குக்கும் கடைசி மகள் ஆலிஸுக்கும் மனம் ஒத்தது. அப்பா இறந்த மறு ஆண்டு, 1886இல் திருமணம். தேனிலவுக்கு மாமியாரும் கூடவே போனார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஹென்றியெட்டாவைத் தனியே விட மகளுக்கு மனமில்லை. மாப்பிள்ளை அந்த வீட்டிலேயே தங்கி நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்பதை இளக்காரமாகச் சொல்லும் நாம், கிளேபெர்க்கைப் பார்த்துக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கணவர் இறந்த நாள் முதல் நாற்பது ஆண்டு ஹென்றியெட்டா கறுப்பு உடைதான் அணிந்தார். சொத்து முழுவதும் அவர் பெயரில், கையெழுத்து அவருடையது. அவர் காலத்தில் கடன் அடைந்தது, நிலம் பத்து லட்சம் ஏக்கரைத் தாண்டியது. கிளேபெர்க் உண்ணிக்கு எதிராக மாடுகளை மருந்துநீரில் முக்கியெடுக்கும் தொட்டி கட்டினார். தொண்ணூறுகளின் கொடிய வறட்சிக்குப் பின் 1899இல் ஆழ்துளையிட்டபோது தண்ணீர் தானாகப் பொங்கியது. தண்ணீர் வந்ததும் ரயிலை வரவழைத்தார்கள். 1904 ஜூலை 4 அன்று முதல் ரயில் வந்த இடத்தில் கிங்ஸ்வில் என்ற ஊர் பிறந்தது. ஹென்றியெட்டா தேவாலயங்களுக்கும் பள்ளிக்கும் நிலம் கொடுத்தார். மனை வாங்குவோரின் பத்திரத்தில் மட்டும் ஒரு நிபந்தனை: இங்கே மது விற்கக் கூடாது. போதகர் மகள் கணவரிடம் ஜெயிக்க முடியாததை ஊரிடம் ஜெயித்துக்கொண்டார்.

அடுத்த தலைமுறையில் ஆலிஸின் மகன் ரிச்சர்ட் கிளேபெர்க் 1931இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் வேலைக்கு வைத்துக்கொண்ட இளம் செயலாளர் லிண்டன் ஜான்சன், பின்னாளில் ஜனாதிபதி. இன்னொரு மகன் ராபர்ட் பண்ணையைக் கவனித்தார். வெயில் தாங்காத ஷார்ட்ஹார்ன் மாட்டோடு, வெயிலுக்குப் பழகிய பிராமன் காளையைச் சேர்த்து அவர் உருவாக்கிய சான்டா கெர்ட்ரூடிஸ் இனத்தை 1940இல் அமெரிக்க வேளாண் துறை அங்கீகரித்தது. அந்நாட்டில் உருவான முதல் இறைச்சி மாட்டினம். பிராமன் என்பது இந்தியத் திமில் மாடுகளின் வழிவந்த இனம்: குசராத்தின் காங்கிரேஜ், கிர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு, கூடவே ஓங்கோல். ஓங்கோல் மாட்டை வெள்ளைக்காரர்கள் ‘நெல்லூர்’ என்றே அழைத்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்து மாடு அது. 1933இல் ஓர் எண்ணெய் நிறுவனத்துடன் குத்தகை எழுதியபோது நிலத்துக்கு அடியிலிருந்தும் பணம் வர வழி பிறந்தது. பாகப்பிரிவினைக்குப் பிறகும் ஆலிஸின் வழியினரிடம் நின்ற பண்ணை இன்று 8,25,000 ஏக்கர். கன்னியாகுமரி மாவட்டம் இரண்டு.

ஹென்றியெட்டா 1925 மார்ச் 31 அன்று பண்ணை வீட்டில், தொண்ணூற்றிரண்டு வயதில் காலமானார். சவ ஊர்திக்குக் காவலாக ஏறத்தாழ இருநூறு கினேன்யோக்கள் தங்கள் வேலைக் குதிரைகளில், ஓடும் டபிள்யூ சூடுபட்ட குதிரைகளில், கிங்ஸ்வில் கல்லறைத் தோட்டம்வரை வந்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கிய பிறகு வரிசை கலைந்தது. ஒருவர் பின் ஒருவராக, தொப்பியைக் கழற்றிப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அந்தக் குழியைக் குதிரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மந்தைகளிடம் திரும்பிப் போனார்கள்.